ஐராவதிக் கரையிலிருந்து

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இருவர் முதன்முதலாகச் சந்திக்கும்போது அவர்களிடையே எழும் முதற் கேள்வி எதுவென்று உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டுவதில்லை. பெயரைக் கேட்பதற்கு முன்பே, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுவிடுகிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் என்றோ திருநெல்வேலிச் சீமை என்றோ விடை வந்துவிட்டால் போதும். அந்த ஊர்த் தேர், அந்த ஊர் அல்வா, அங்கே வாழ்க்கைப்பட்ட ஒன்றுவிட்ட அத்தை என்று பேச்சு வளர்ந்து, காப்பி ஆறுவதற்குள் ஓர் உறவுமுறையும் முளைத்துவிடும். கேட்பவருக்கு இஃது எளிய கேள்வி. விடை சொல்பவர் எல்லாருக்கும் அப்படியன்று. எங்கள் குடும்பத்தில் இந்த ஒரு கேள்விக்கு மூன்று தலைமுறைகளாக மூன்று விடைகள் வழங்கிவருகின்றன. தாத்தா புதுக்கோட்டைச் சீமையிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்வார். அப்பா சற்றே தயங்கி, "புரோம்" என்பார். நாங்களோ கேட்பவர் முகத்தைப் பார்த்து, வங்காளியாயிருந்தால் கரக்பூர் என்றும் தமிழராயிருந்தால் புதுக்கோட்டை என்றும் சொல்லி ஒப்பேற்றிவிடுவோம்.

இன்று உங்களோடு சற்று நேரம் பேச எண்ணுவது, அப்பா தயங்கிச் சொன்ன அந்த நடு விடையைப் பற்றித்தான்.

புரோம் என்று ஆங்கிலேயர் எழுதிவைத்த ஊரைப் பர்மியர் 'பியே' என்பர். ஐராவதி நதியின் கீழ்க்கரையில், ரங்கூனுக்கு வடமேற்கே நூற்றறுபது மைல் தொலைவில் இருக்கிறது. பர்மாவில் முதன்முதல் போடப்பட்ட இருப்புப்பாதை 1877 இல் ரங்கூனிலிருந்து இந்த ஊருக்குத்தான் வந்தது. ஊரின் நடுவே ஒரு குன்று. அதன்மேல் பொன் வேய்ந்த சுவேசந்தோ பகோடா. அதற்கு எதிரே, பகோடாவின் மேடையை நேருக்கு நேர் பார்ப்பதுபோல், பத்து மாடி உயரத்துக்கு அமர்ந்த கோலத்தில் ஒரு புத்தர் சிலை. சிறுவயதில் எங்களுக்கு அந்தப் புத்தர், தெருக் கோடியில் உட்கார்ந்து யார் யார் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறார்கள் என்று கவனிக்கும் பெரியவர் போலவே தோன்றுவார். பயமும் உண்டு, ஏதோ ஓர் ஆதரவும் உண்டு.

தமிழ்நாட்டுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள தொடர்பு எங்கள் தாத்தாவோடு தொடங்கியதன்று. புரோமுக்கு அருகில் ஸ்ரீக்ஷேத்திரம் என்னும் பழைய நகரின் இடிபாடுகள் உள்ளன. பியூ என்னும் மக்கள் கட்டிய நகரம் அது. 2014 இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. அங்கே கிடைத்த எழுத்துகளில் தென்னாட்டு எழுத்தின் சாயலை அறிஞர் காட்டுகின்றனர். வடக்கே பகானில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. அதன் உரைநடைப் பகுதி தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த அடியார் ஒருவர், 'நானாதேசி விண்ணகர்' என்னும் பெருமாள் கோயிலுக்கு மண்டபம் எடுத்து, விளக்கும் வைத்த செய்தியை அது சொல்கிறது. நானாதேசி என்பது வணிகர் குழுவின் பெயர். ஆக, கடல் கடந்து போய்க் கடை வைப்பதும், கடை வைத்த இடத்தில் ஒரு கோயில் எழுப்புவதும் நம்மவரின் பழைய வழக்கந்தான்.

தாத்தா காலத்துப் பயணம் வேறு வகையானது. பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டபின், ஐராவதிக் கழிமுகத்துச் சதுப்பு நிலங்களெல்லாம் நெல் வயல்களாயின. நிலத்தைத் திருத்தக் கடன் வேண்டியிருந்தது. கடனோடு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போனார்கள். அறுக்க, சுமக்க, ஆலையில் அரைக்கக் கைகள் வேண்டியிருந்தன. அதற்குத் தமிழரும் தெலுங்கரும் ஒரியரும் கப்பலேறினர். 1931 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். சொந்த நாட்டுத் தலைநகரில் தாங்களே சிறுபான்மையாகிவிட்ட பர்மியருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அதோடு 1930 ஐ ஒட்டி உலகெங்கும் விலைகள் சரிந்தன. நெல் விலை வீழ்ந்தது. கடனைக் கட்ட முடியாத உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்பங்கு நிலம் செட்டியார்கள் வசமாயிருந்தது. அவர்கள் விரும்பி வாங்கிய நிலமன்று, கடனுக்கு வந்த நிலம் என்பது உண்மை. நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு விளங்காது என்பதும் உண்மை. பர்மாவிலிருந்து திரும்பியவர் பேசும்போது இந்தப் பாதியை விட்டுவிடுவது வழக்கம். எங்கள் அப்பா விடமாட்டார். "அவர்கள் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, நம்மிடம் காட்டியதுதான் கணக்குப் பிசகு" என்பார். நாங்கள் செட்டியார் வீட்டாரும் அல்லர். அரிசி, பருப்பு, எண்ணெய் விற்ற சிறு கடைக்காரர்.

தாத்தா பர்மாவை இருமுறை இழந்தார். முதல் முறை 1942 இல். அதற்கு முந்திய டிசம்பர் 23 ஆம் நாள் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலர். கிடைக்காதவர் பல லட்சம். அவர்களில் பெருந்தொகையினர் வடக்கே தாமு வழியாக மணிப்பூருக்கு நடந்தனர். மற்றொரு பெருங்கூட்டம் புரோமுக்கு வந்து ஆற்றைக் கடந்து, ஆரக்கான் மலைத்தொடரைத் தாண்டித் தவுங்கப் என்னும் கடற்கரை ஊருக்கு நடந்தது. நூறு மைலுக்கு மேற்பட்ட மலைவழி. நிழல் உண்டு, தண்ணீர் இல்லை. வாந்திபேதி கூடவே நடந்து வந்தது. தாத்தா, பாட்டி, பதினான்கு வயதான அப்பா, கைக்குழந்தையாயிருந்த அத்தை ஆகிய நால்வரும் அந்த வழியே நடந்து, படகில் அக்கியாபுக்குப் போய், அங்கிருந்து சிட்டகாங் சேர்ந்து, ரயிலேறி ஊர் வந்தனர். அந்த நடையைப் பற்றிப் பாட்டி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: வழியில் வீழ்ந்து கிடந்தவர்களைப் பார்க்காதிருக்க, முன்னால் நடந்தவரின் குதிகாலையே பார்த்துக்கொண்டு நடந்தாராம். இதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

இத்தனைக்குப் பிறகும் 1946 இல் தாத்தா மீண்டும் புரோமுக்கே போனார். ஊரார் வியந்தார்கள். ஊரில் அவருக்கிருந்தது அரைக் காணி மானாவாரி நிலம். புரோமில் பதினெட்டு ஆண்டு பழகிய தெரு இருந்தது. எது சொந்த ஊர் என்று அப்போதே அவர் கால்கள் தீர்மானித்துவிட்டன போலும். வாய் மட்டும் கடைசிவரை புதுக்கோட்டையென்றே சொல்லிவந்தது.

நாங்கள் பிறந்தது சுதந்திரப் பர்மாவில். 1948 ஜனவரி 4 ஆம் நாள் அந்நாடு விடுதலை பெற்றது. எங்கள் இளம்பருவ உலகம் ஐந்தாறு சந்தங்களாலும் நாற்றங்களாலும் ஆனது. விடியுமுன் தெருவில் கேட்கும் வெண்கல ஓசை. அதைத் தொடர்ந்து வரிசையாகத் திருவோடு ஏந்தி வெறுங்காலுடன் வரும் பிக்குகள். அவர்களைப் 'பொங்கி' என்பார்கள். பொங்கல் வைக்கும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் சிரிப்பை மூட்டும். அம்மா கண்ணை உருட்டி அடக்குவார். அம்மாவும் ஒரு கரண்டிச் சோறு இடுவார். அவர்கள் நன்றி சொல்வதில்லை, இட்டவரே வணங்கவேண்டும். கொடுப்பதற்கு ஒருவர் வாய்த்தாரே என்ற நன்றி அது என்று பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி விளக்குவார். அந்தப் பாட்டியின் வாயில் எந்நேரமும் முழ நீளச் சுருட்டு ஒன்று புகைந்துகொண்டிருக்கும். பெண்கள் சுருட்டுப் பிடிப்பதையும், சந்தையில் கடைகளெல்லாம் பெண்கள் கையிலிருப்பதையும், கல்யாணமானாலும் அவர்கள் தம் பெயரை மாற்றிக்கொள்ளாததையும் கண்டு, புதுக்கோட்டையிலிருந்து புதிதாக வந்த அம்மா முதலில் திகைத்தாராம். ஆறு மாதத்தில் அவரே சந்தையில் பர்மிய மொழியில் பேரம் பேசலானார். சுருட்டு மட்டும் பிடிக்கவில்லை.

பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வடநாட்டு அலுவலகங்களில் விண்ணப்பத் தாளை நீட்டி, "குடும்பப்பெயர் எங்கே?" என்று கேட்டு நம்மவரைத் திணறடிப்பது உங்கள் அனைவருக்கும் அனுபவமாயிருக்கும். தந்தையின் தலைப்பெழுத்தை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு கொஞ்சமன்று. பர்மியருக்கோ அதுவும் இல்லை. குடும்பப்பெயரும் கிடையாது, தந்தை பெயரும் கிடையாது. பிறந்த கிழமையைப் பார்த்து அதற்குரிய எழுத்தில் பெயர் வைப்பார்கள். திங்கட்கிழமைக்குக் ககர வரிசை; வியாழனுக்குப் பகர மகரம்; ஞாயிற்றுக்கிழமைக்கு உயிரெழுத்து. ஆகவே ஒருவர் பெயரைக் கேட்டதும் அவர் பிறந்த கிழமையைச் சொல்லிவிடலாம், அப்பன் யாரென்று சொல்ல முடியாது. பெயருக்கு முன்னால் வரும் அடையோ வயதோடு வளரும். சிறுவனுக்கு 'மவுங்', இளைஞனுக்குக் 'கோ', பெரியவருக்கு 'ஊ'. பெண்ணுக்கு 'மா', பிறகு 'டோ'. எங்கள் அப்பா அந்தத் தெருவில் முதலில் 'கோ' ஆகவும், கடை சற்றுப் பெருத்தபின் 'ஊ' ஆகவும் வழங்கப்பட்டார்.

பர்மியர் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் முறை நமக்கு மிக அணுக்கமானது. "தமின் சா பீ பீலா?" என்பார்கள். சோறு சாப்பிட்டாயிற்றா என்பது பொருள். காலையில் அவர்கள் உண்ணும் மோகிங்கா என்னும் பண்டம், அரிசிச் சேவையும் மீன் குழம்பும் கலந்தது. அந்தக் குழம்பில் நறுக்கிப் போடுவது நம் வாழைத்தண்டு. சென்னையில் இன்று வியாசர்பாடிப் பக்கத்திலும் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரேயும் தள்ளுவண்டிகளில் 'அத்தோ' என்று விற்கிறார்களே, அதுவும் பர்மியச் சொல்லின் திரிபுதான். கலந்து பிசைந்த உணவுக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு அதுவும் நம்மோடு கப்பலேறி வந்துவிட்டது.

சித்திரைப் பிறப்பு எங்களுக்கு இரட்டைப் பண்டிகை. ஞாயிறு மேட ராசியில் புகும் நாளைக் கணக்கிட்டுத்தான் அவர்களும் ஆண்டு பிறப்பிக்கிறார்கள். அதற்கு முந்திய மூன்று நான்கு நாள் 'திங்ஜான்' என்னும் நீர்விழா. பெரியவர்கள் நாவல் இனத்தைச் சேர்ந்த தபியே மரத்தின் தளிரை வெள்ளிக் கிண்ண நீரில் தோய்த்து மென்மையாகத் தெளிப்பார்கள். பிள்ளைகள் குடங்குடமாய்க் கொட்டுவார்கள். பகலெல்லாம் நனைந்துவிட்டு, மாலையில் தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் அங்கே வேப்பம்பூப் பச்சடி காத்திருக்கும். இரண்டு புத்தாண்டு ஒரே வாரத்தில் வருவது உலகத்துக்கே பொது வழக்கம் என்று எண்ணியிருந்தோம்.

1964 இல் வந்தது குரோதி ஆண்டு. 1962 மார்ச் 2 ஆம் நாள் ஜெனரல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார். அடுத்த ஆண்டு வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள். ஏப்ரலில் நாட்டின் மற்றப் பகுதிகளிலும் கடைகள். நீர்விழாவுக்குச் சில நாட்களே இருந்தன. ஒரு நாள் காலை அதிகாரிகள் சிலர் வந்து எங்கள் கடையின் பண்டங்களைக் கணக்கெடுத்தார்கள். அவர்களுள் குறிப்பெழுதிய இளைஞர் ஒருவர் எங்கள் வாடிக்கைக்காரர். அப்பாவின் முகத்தைப் பாராமலே எழுதிக்கொண்டிருந்தார். மாலைக்குள் கதவில் முத்திரை விழுந்தது. சில நாளில் கடைப்பலகை கழற்றப்பட்டு, 'மக்கள் கடை' என்று எண்ணிட்ட பலகை ஏறியது. கணக்கின் படி ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார்கள். நான்கு தாள்கள், உருண்டை உருண்டையான பர்மிய எழுத்து.

அன்றிரவு வீட்டில் விளக்கு ஏற்றப்பட்டதா என்பது நினைவில்லை. நினைவிலிருப்பது, அம்மா உயரமான தகர டப்பா ஒன்றைத் திறந்து வைத்ததும், அதன் கழுத்துவரை எலுமிச்சை மிட்டாய் இருந்ததுந்தான். அத்தனை மிட்டாயை எங்கள் வீட்டுக்குள் நாங்கள் கண்டதில்லை. அது கடையில் இருக்கவேண்டியது. எப்படி வந்தது என்று கேட்க வேண்டுமென்று பத்து வயதில் யாருக்குத் தோன்றும்? திங்ஜான் நாட்கள் முழுவதும் தின்றோம். அந்த ஆண்டும் பக்கத்து வீட்டுப் பாட்டி கிண்ணத்தோடு வந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தோளில் தண்ணீர் தெளித்தார். அப்பா எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

மே மாதத்தில் ஐம்பது சாட், நூறு சாட் தாள்கள் செல்லாவென்று அறிவித்தார்கள். அதன்பின் இருப்பதற்கு வழியில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் கப்பலில் சென்னை வந்திறங்கினர். நகைக்கும் கைப்பணத்துக்கும் கடுமையான வரம்பு இருந்தது. துணிமூட்டை, பாத்திரம், காகிதங்களைப் போட்டுவைத்த அந்தத் தகர டப்பா ஆகியவற்றோடு நாங்களும் வந்தோம். அத்தை வரவில்லை. அத்தையின் கணவர் பர்மியக் குடியுரிமை பெற்றிருந்தார்; போகவேண்டிய கட்டாயம் அவர்களுக்கில்லை. துறைமுகம் வரை வந்து வழியனுப்பினார். மலைவழியில் தன்னைத் தோளில் தூக்கி நடந்த அண்ணனை அவர் அதன்பின் பார்க்கவில்லை.

அதே 1964 தான் எங்கள் தாய்வழிக் குடும்பத்தையும் பிடித்தது. அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தார். விடியற்காலைப் பிரட்டு, கங்காணி, லயத்து அறை, கொழுந்துக் கூடை என்று அவர் பேச்சில் வரும் சொற்கள் எங்களுக்குப் புதியவை; எங்கள் பர்மியச் சொற்கள் அவருக்குப் புதியவை. 1948 இலேயே அங்குள்ள மலையகத் தமிழர் பெரும்பாலோர் குடியுரிமையற்றவராயினர். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். நெல்லை அளப்பதுபோல் மனிதரை அளந்தார்கள் என்று சித்தப்பா சொல்வார். ஒரே லயத்தில் அண்ணன் பெயர் ஒரு பட்டியலிலும் தம்பி பெயர் மறு பட்டியலிலும் வந்த வீடுகள் உண்டு. சித்தி தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரத்தில் வந்திறங்கினார். தனுஷ்கோடித் துறையை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிருந்தது. பிறகு அரசு அவர்களைக் கன்னட நாட்டில், சுள்ளியா பக்கத்து இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றியது. அவர் பேரப்பிள்ளைகள் இன்று கன்னடத்தில் கணக்குப் போடுகிறார்கள். குளிர்ந்த மலையில் கொழுந்து கிள்ளிய விரலுக்கு இரப்பர்ப் பால் வடிக்கும் கத்தி பழகுவதற்கு ஒரு வருடம் ஆயிற்றாம்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துக் கரக்பூர் வந்தோம். அங்கே தமிழும் தெலுங்கும் தெருக்களில் ஒலிப்பது உங்களில் பலர் அறிந்ததே. சென்னை மெயில் நிலையத்தில் நிற்கும் சில நிமிடத்துக்காக, ஊரிலிருந்து யாராவது வருகிறார்களா என்று பாராமலே போய் நின்றுவிட்டு வருபவர்கள் அந்நாளில் பலர். வங்காளிப் பிள்ளைகள் பள்ளியில் எங்களை 'மதராஸி' என்றார்கள். சென்னையில் எங்களைப் 'பர்மாக்காரர்' என்றார்கள். பர்மாவில் நாங்கள் 'கலா' என்று வழங்கப்பட்டவர்கள். அந்தச் சொல் சில வாயில் வெறும் அடையாளம், சில வாயில் வசவு. எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதை வைத்தே மனிதரை எடைபோட எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சென்னை வந்தவர்கள் எல்லாரும் அங்கே தரிக்கவில்லை. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர், முகாமும் வேலையின்மையும் பொறுக்காமல், இன்னும் சிலரோடு சேர்ந்து ரயிலிலும் லாரியிலுமாக மணிப்பூர் எல்லைக்குப் போய், நிலவழியே பர்மாவுக்குத் திரும்ப முயன்றார். எல்லையில் தடுத்துத் திருப்பிவிட்டார்கள். திரும்பியவர்கள் எல்லைக்கு இப்பாலுள்ள மோரே என்னும் சிற்றூரிலேயே தங்கிவிட்டார்கள். எதிரே நாலைந்து கிலோமீட்டரில் பர்மாவின் தாமு. அங்காள பரமேசுவரிக்குக் கோயில் கட்டினார்கள், தமிழ்ச்சங்கம் வைத்தார்கள், மலிவுச் சாமான் வணிகத்தில் ஓங்கினார்கள். குக்கி, மெய்தி, நேபாளி, பஞ்சாபி மக்களோடு தமிழர் கலந்து வாழ்ந்த அவ்வூரில் இட்டலியும் கிடைக்கும், மோகிங்காவும் கிடைக்கும். சித்தப்பா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து மலை தெரியும். "அதோ நம்ம ஊர்" என்று அதைக் காட்டுவார். நம்ம ஊர் அதற்கு நானூறு மைல் தெற்கே இருந்தது. 1995 இல் நேர்ந்த கலவரத்தில் தமிழர் பலர் வெளியேறினர். 2020 இல் தொற்றுநோயை முன்னிட்டு எல்லை வாயில் மூடப்பட்டது. 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட தீ மோரேயையும் விடவில்லை. சித்தப்பாவின் பிள்ளைகள் இப்போது ஒருவர் குவாஹாத்தியிலும் ஒருவர் திருச்சிப் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

அத்தைக்கு வருவோம். தொடக்கத்தில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு ஆண்டுக்கு ஒன்று. அங்கே தனியார் பள்ளிகள் அரசுடைமையாகி, தமிழ்ப் பத்திரிகைகளும் நின்றபின், அத்தையின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வீட்டைவிட்டால் இடமில்லை. மூத்த மகனுக்கு அத்தை 'அ, ஆ' வரை சொல்லிக் கொடுத்தார். அதற்குமேல் வயிற்றுப்பாடு விடவில்லை. 1980 களில் அவன் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. பிரித்தால் முழுவதும் பர்மிய எழுத்து. எங்களுக்கு அந்த எழுத்து மறந்து போயிருந்தது. அப்பா வாங்கி உரக்கப் படித்தார். கேட்டால் தமிழ்! "மாமா, அம்மா சுகம். நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று பர்மிய எழுத்தில் தமிழை எழுதியிருந்தான். அப்பா அதை இரண்டுமுறை படித்துவிட்டு, மூன்றாம் முறை படிக்காமல் மடித்துவைத்தார்.

அப்பா காலமாகிப் பல ஆண்டுகளாயின. அத்தையும் இல்லை. இப்போது செவிப்பேசியின் உதவியால் அத்தான் ஞாயிறுதோறும் பேசுகிறார். 2021 பிப்ரவரி 1 ஆம் நாள் அங்கே மீண்டும் இராணுவ ஆட்சி வந்தபின் சில வாரம் இணைப்பே கிடைப்பதில்லை. கிடைத்தால் அவர் தமிழில் தட்டுத்தடுமாறிப் பேசுவார், நாங்கள் பர்மிய மொழியில் தட்டுத்தடுமாறுவோம். இரண்டுமில்லாத ஒரு மொழியில் குடும்பச் செய்தி முழுவதும் பரிமாறப்பட்டுவிடும். எங்கள் பேத்தி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் பேசுவது தமிழும் வங்காளமும் கலந்த வேறொரு மொழி என்பது அவளுக்குத் தெரியாது.

2024 சித்திரையில் மீண்டும் குரோதி ஆண்டு பிறந்தது. அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து அதே பெயர். அந்த வாரம் பழைய காகிதங்களைத் துழாவியபோது, தகர டப்பாவின் அடியிலிருந்து கடைக் கணக்கின் நான்கு தாள்கள் கிடைத்தன. அப்பா அதைக் கிழித்துப் போடவும் இல்லை. ஒருநாளும் எங்களுக்குப் படித்துக்காட்டவும் இல்லை. படமெடுத்து அத்தானுக்கு அனுப்பினோம். இணைப்பு இரண்டுமுறை அறுந்து, மூன்றாம்முறை அவர் படிக்கத் தொடங்கினார். அரிசி இத்தனை மூட்டை, கடலையெண்ணெய் இத்தனை தகரம், துவரம்பருப்பு, கருப்பட்டி, மண்ணெண்ணெய் விளக்குத் திரி, ஊதுவத்தி. தமிழ்ப்பெயர் தெரியாத இடங்களில் பண்டத்தின் நிறத்தையும் மணத்தையும் சொன்னார். நாங்கள் இங்கிருந்து பெயரைச் சொன்னோம். "கறுப்பு, சின்னது, பொரிந்தால் வெடிக்கும்" என்றார். "கடுகு" என்றோம். இப்படியே அந்தக் கடை முழுவதும் அலமாரி அலமாரியாகத் திரும்பி வந்தது. தராசு இரண்டு. எடைக்கல் ஒரு வரிசை. கல்லாப்பெட்டி ஒன்று.

நான்காம் தாளின் கடைசி வரியை அவர் முதலில் தமக்குள் படித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மிட்டாய்த் தகரம் ஒன்று. காலி. ஆகையால் எடுத்துக்கொள்ளப்படவில்லை."